கூறை எடுக்கப் போன கதை

கூறைநாட்டுக்காரி ஒருத்தி கூறைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரத்துக்கு ரயிலேறுகிறாள் என்று கேட்டால் என் பாட்டி வாயில் வெற்றிலையோடு சிரித்திருப்பாள். மயிலாடுதுறைக்குள் ஒரு பேட்டையாக ஒடுங்கிவிட்ட எங்கள் கூறைநாட்டை நாங்கள் பேச்சில் கொரநாடு என்போம். பட்டும் நூலும் கலந்து, கட்டம் போட்டு அங்கே நெய்த சேலைதான் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துக் கல்யாணச் சேலை. கூறை என்றால் துணி. ஊர் சேலைக்குப் பெயர் கொடுத்ததா, சேலை ஊருக்குக் கொடுத்ததா என்பதைத் தமிழாசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் முகூர்த்தச் சேலைக்குக் கூறை என்றுதான் பெயர். அறுபத்து மூவரில் நெசவுத் தொழில் செய்த நேச நாயனாரை எங்கள் ஊர்க்காரர் என்று சொந்தம் கொண்டாடுவோம். ஆனால் நான் பிறந்த தெருவில் தறிச்சத்தம் என் பாவாடை சட்டைக் காலத்திலேயே ஓய்ந்துவிட்டது. என் கல்யாணத்துக்கே கூறை காஞ்சிபுரத்திலிருந்துதான் வந்தது.

அந்தப் புடவைதான் இராத்திரி வண்டியில் என் தலைமாட்டில் இருந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, துணிப்பையில் வைத்து, பையின் காதைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தேன். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, முந்தி முழுக்க ஜரிகை. 1991 தை மாதக் கல்யாணம். என் மாமியாரும் நாத்தனாரும் முதல் நாளே காஞ்சிபுரம் போய்த் தங்கி எடுத்தது. விலை 3,200 ரூபாய். அந்தத் தொகையை நாத்தனார் இன்றுவரை மறக்கவில்லை, என்னை மறக்க விட்டதுமில்லை. கலர் பார்த்தது அவர்தான்.

இப்போது என் மகளுக்குத் தையில் கல்யாணம். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. சம்பந்தியம்மா நாற்பதாயிரத்தை ஒரு கவரில் போட்டு, “பொண்ணுக்குப் பிடிச்சதா நீங்களே எடுத்துக்குங்க, நாங்க வந்து எங்க டேஸ்ட்டைத் திணிக்க வேண்டாம்” என்றார். மகள் முதலில் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். யாரோ ஒருத்தி ஒரே ஒருமுறை கட்டிய பட்டு, பாதி விலைக்கு. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “யார் கட்டினதுடி அது? அவ இப்ப நல்லா இருக்காளா?” என்று கேட்டுவிட்டேன். அவள் போனைக் கீழே வைத்தாள். “நல்லா இருக்கறவங்க கட்டினதுன்னா பரவாயில்லையா?” என்று கேட்டுக்கொண்டே போய் என் பீரோவைத் திறந்தாள்.

என் வாயே என்னைக் கட்டிப்போட்டது. என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அந்தப் புடவையை நான் கட்டவில்லை. எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கடைசியில் கூறையைப் போர்த்தி அனுப்புவார்கள். எனக்கு அந்த வழியும் இல்லை. கட்டவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. மகள் அதைக் கட்டப் போகிறாள் என்று கேள்விப்பட்ட நாத்தனார் போன் செய்தார். “உன்மேல குத்தம் சொல்லலம்மா. ஆனா அந்தப் புடவை வேண்டாம். கோடியா ஒண்ணு எடுத்துடு” என்றார். அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். தணிந்த குரலில் சொன்னார்.

உண்மையைச் சொல்வதென்றால் எனக்கும் பயம்தான். பயத்துக்கு அடியில் இன்னொரு சின்னத்தனமும் இருந்தது. புருஷன் இல்லாத வீடு, புதுப்புடவை எடுக்க வக்கில்லை என்று மண்டபத்தில் நாலு பேர் பேசுவார்களே என்பது. மகளிடம் இதைச் சொல்லவில்லை. காஞ்சிபுரம் போவோம், புதுசும் பார்ப்போம், பழசையும் தெரிந்த நெசவாளி ஒருவரிடம் காட்டுவோம், அங்கே முடிவு பண்ணலாம் என்று ஒப்பந்தம். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் லீவு சொன்னேன்.

செங்கல்பட்டில் இறங்கியபோது விடிந்தும் விடியாத ஐப்பசி மழை. அங்கிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயில் காஞ்சிபுரத்தில் நம்மை இறக்கிவிட்டுப் போகும். சென்னைக்காரர்களுக்கு இந்தத் தடம் அவ்வளவாகத் தெரியாது. பஸ்ஸிலேயே போய்ப் பழகியவர்கள். வில்லியம்பாக்கம், பாலூர் என்று ஒவ்வொரு ஊராக நின்று நிதானமாகப் போகிற வண்டி. பழையசீவரம் தாண்டும்போது எதிர் சீட்டில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, “பாலாத்துல தண்ணி வந்திருக்கு” என்றார், ஏதோ வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்திருப்பதுபோல. எதிர்க்கரையில்தான் திருமுக்கூடல், பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகிற இடம். காவிரிக்கரையில் வளர்ந்த எனக்கு ஆற்றில் தண்ணீர் என்பது இவ்வளவு பெரிய செய்தியாக இருப்பது விசித்திரமாகப் பட்டது. இப்போதெல்லாம் எங்கள் ஊரிலும் அது செய்திதான் என்பது ஒரு நிமிஷம் கழித்து நினைவுக்கு வந்தது.

கடைகள் திறக்க நேரமிருந்ததால் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். நீள வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் தாம்பாளத்தில் புத்தம்புதுப் பட்டு, மேலே பில்லோடு. முகூர்த்தப் புடவையை அம்மன் காலடியில் வைத்து வாங்கிப் போக வந்திருந்தார்கள். என் பையைப் பார்த்த அந்த வீட்டுப் பெரியம்மா, “உங்களுதும் முகூர்த்தமா? எங்க எடுத்தீங்க?” என்றார். மகள் முந்திக்கொண்டு, “பழசுங்க, எங்க அம்மாவோடது” என்றாள். பெரியம்மா என் நெற்றியைப் பார்த்தார். பிறகு கோபுரத்தைப் பார்த்தார்.

வரிசையில் நின்றபடி ஒன்று யோசித்தேன். பக்தர்கள் அம்மனுக்குச் சாத்தும் புடவைகளைப் பல கோயில்களில் ஏலம் விடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த ஏலத்துக்குப் பெண்கள் கூட்டம் முட்டும். அம்மன் இடுப்பில் இருந்த புடவை, யாரோ முகம் தெரியாதவர் வாங்கிச் சாத்தியது, ஒருநாள் முழுக்கப் பாலும் சந்தனமும் எண்ணெய்ப் புகையும் பட்டது. அதை எடுத்துவந்து கல்யாணத்துக்குக் கட்டுகிறவர்களை எனக்கே தெரியும். அதை யாரும் பழசு என்று சொல்வதில்லை.

காந்தி ரோட்டுக் கடை ஒன்றில் ஏறினோம். வெள்ளை மெத்தை விரிப்பு, நடுவில் விற்பனைப் பையன், சுவர் முழுக்க அலமாரி. “முகூர்த்தமா மேடம்?” என்ற மறுவிநாடி புடவைகள் விழத் தொடங்கின. விசிறியதும் முந்தி சரியாக நம் மடியில் வந்து விழும். அந்தக் கைவாகுக்கே தனிச் சம்பளம் கொடுக்கலாம். ஒன்றை எடுத்துத் தன் தோளிலேயே போட்டுக் கண்ணாடி முன் நின்று காட்டினான். மீசைக்காரன் தோளில் முந்தி பாந்தமாகவே இருந்தது. பக்கத்து மெத்தையில் இன்னொரு மணப்பெண் அதே புடவையைத் தோளில் போட்டுப் பார்த்து வைத்துவிட்டுப் போனாள். மகள் என் காதில், “இது எத்தனையாவது ஹேண்டும்மா?” என்றாள்.

விலைச்சீட்டில் 58,000, 64,500. நாற்பதுக்குள் காட்டச் சொன்னால் பையனின் குரலில் ஒரு சுருதி இறங்கியது. ஜரிகை என்ன என்று கேட்டேன். “ஹாஃப்ஃபைன் மேடம். பியூர் வேணும்னா மேல போகணும். வெள்ளி விக்கிற விலைக்கு…” என்று கையை மேலே காட்டினான். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியபின் அசல் ஜரிகை யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. புடவை ஓரத்தில் தொங்கிய சில்க் மார்க் வில்லையைக் காட்டி, “எல்லாம் டெஸ்ட் பண்ணினதுதான் மேடம்” என்றான். அந்த வில்லை பட்டு அசல் பட்டு என்பதற்குத்தான் சாட்சி. ஜரிகையைப் பற்றியோ, கைத்தறியா விசைத்தறியா என்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு வேறு, இது வேறு. கடைக்கு வருகிற பாதிப்பேருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அழகில் குறை சொல்ல முடியாது. ஒரு கத்திரிப்பூ நிறம் மகளுக்கு அப்படியே அமைந்தது. எனக்குக் கை நீண்டுவிட்டது, பணத்தைக் கொடுத்துவிட்டு ஊர்போய்ச் சேரலாம் என்று. அவள்தான், “எடுத்து வைங்கண்ணா, சாயங்காலம் வரோம்” என்று எழுந்தாள். சாயங்காலம் வருகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பான். சிரித்துக்கொண்டே மடிக்கத் தொடங்கினான்.

அடுத்துப் போன இடம் என் யோசனை. ஒரு சந்து முனையில் ‘பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்கப்படும்’ என்ற பலகை. சின்ன வயதில் இவர்கள் தெருவிலேயே வருவார்கள், தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடையோடு. எங்கள் அத்தைப்பாட்டியின் ஜரிகைப் புடவை ஒரு தூக்குவாளியாகவும் இரண்டு தட்டாகவும் மாறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தூக்கு இன்னும் என் வீட்டில் தோசைமாவுக்கு உதவுகிறது. விலை தெரிந்தால் மனசு ஏதாவது ஒரு பக்கம் சாயும் என்று பட்டது. அதனால்தான் படியேறினேன்.

உள்ளே ஒரு மேஜை, ஒரு மின்தராசு, ஒரு உரைகல். பெரியவர் ஒருவர் புடவையை விரிக்கவே இல்லை. முந்தி ஓரத்தை மட்டும் இழுத்து, ஊசியால் ஒரு ஜரிகை இழையை நெம்பி எடுத்தார். விரலில் வைத்து நகத்தால் சுரண்டினார். மெல்லிய உலோகச் சுருள் கழன்று, உள்ளே செக்கச்செவேல் என்று பட்டிழை தெரிந்தது. ஜரிகை என்பது இதுதான்: வெள்ளிக் கம்பியை முடிபோல இழுத்து, தட்டையாக்கி, பட்டிழைமேல் சுற்றி, மேலே பொன்முலாம். பெரும்பாலும் சூரத்திலிருந்து வரும். மார்க் கணக்கில் விற்பார்கள். ஒரு மார்க் 242 கிராம். தங்கம் என்று நாம் பார்த்துப் பூரிப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, மேல்பூச்சுத்தான். எடையெல்லாம் வெள்ளியும் செம்பும் பட்டும்.

கல்லில் தேய்த்துப் பார்த்த பெரியவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். “நல்ல ஜரிகைம்மா. இப்ப இது வர்றதில்ல.” தராசில் வைத்தார். 780 கிராம். ஒரு பழைய காலண்டர் தாளில் ஏதோ பெருக்கி, “எட்டாயிரம் தரலாம்” என்றார்.

“வாங்கி என்ன பண்ணுவீங்க?”

“எரிச்சு வெள்ளி எடுப்போம்.”

“பட்டு?”

“பட்டுக்கு விலை ஏதும்மா? அது சாம்பல்தான்.”

மகளுக்குத் தாங்கவில்லை. “அப்படியே கட்டிக்கிறதுக்கு யாரும் வாங்க மாட்டாங்களா?” என்றாள். பெரியவர் பின்னால் இருந்த மர அலமாரியைக் கண்ணால் காட்டினார். “கிழிசல் இல்லாததைத் தனியா வைப்போம். பாலிஷ் போட்டா கண்ணுக்குத் தெரியாது. வாங்கறவங்க வாங்கத்தான் செய்றாங்க. யாரும் வெளிய சொல்லிக்கிறதில்ல.”

நெம்பிய இழையைத் திருப்பிக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோ. என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரின் உறவினர் வீடு. தெருவுக்குள் நுழையும்போதே ‘டக்-டடக்’ என்று சத்தம், மழைக்குப் போட்டியாக. எனக்கு அது ஐம்பது வருஷத்துக்கு முந்திய சத்தம். நீளவாக்கில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும் வீடு, கூடத்தில் குழித்தறி, ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் பாவின்மேல் விழுந்துகொண்டிருந்தது. தறியில் அவர். வலது ஓரத்தில் அவர் மனைவி, கரைக்கு உட்கார்ந்திருந்தார்.

கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. உடல் நிறம் கரைக்குள் போகாது, கரை நிறம் உடலுக்குள் வராது. ஒவ்வொரு ஊடையிலும் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அவரவர் பக்கம் திரும்பிவிடும். கடையில் நாங்கள் பார்த்த பாதிப் புடவைகளில் கரையும் உடலும் ஒரே ஊடையில் ஓடியிருந்தன என்பது, இந்தத் தறிக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்றபிறகுதான் எனக்குப் புரிந்தது. அதனால்தான் அந்தக் கரைகளில் நிறம் கொஞ்சம் மங்கிக் கலங்கித் தெரிந்திருக்கிறது. இரண்டு பேர் உட்கார வேண்டிய வேலையை ஒருவர் முடித்துவிடலாம், நாளும் குறையும். முழுக் கோர்வையென்றால் ஒரு புடவைக்குப் பதினைந்து நாள் போகும் என்றார்.

“மழை வந்தா இன்னும் இழுக்கும்க்கா. குழியில ஈரம் ஊறிடும். பாவு சொன்ன பேச்சு கேக்காது.”

என் புடவையை எடுத்து நீட்டினேன். அவர் போய்க் கையைக் கழுவி, துண்டில் ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டு வந்தார். பாய் விரித்து, புடவையைக் கவிழ்த்துப் போட்டார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உடலும் முந்தியும் சேருகிற இடத்தில் பின்பக்கம் ஒரு தடிப்பு ஓடும். அரக்குப் பாவின் ஒவ்வொரு இழையையும் முந்திப் பாவின் இழையோடு கையால் சேர்த்த இடம் அது. அதன்மேல் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார். “பிட்னி சுத்தம். பெரிய கை” என்றார் மனைவியிடம். பிறகு கரையோரமாக விரலால் தடவிக்கொண்டே முழங்காலால் நகர்ந்தார், கண்தெரியாதவர் புத்தகம் படிப்பதுபோல. ஓரிடத்தில் விரல் நின்றது.

“இங்க பாருங்கக்கா. இதுவரைக்கும் கரை ஒரே இறுக்கம். இங்கேர்ந்து லேசா தளருது. ஆள் மாறியிருக்கு. கரைக்கு உக்காந்த பையன் அன்னிக்கு வரல, வேற பையனை உக்கார வச்சிருக்காங்க.”

“பையனா?”

“அப்பல்லாம் பசங்கதானே. எந்த வருஷத்துப் புடவை இது?”

சொன்னேன்.

“நானும் அப்பத்தான் உக்காந்தேன். பதினோரு வயசு.”

முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தறிக்கு அனுப்புவது அந்த நாளில் காஞ்சிபுரத்தில் ஊரறிந்த சங்கதி. அவர் குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. அந்த வருஷம் மழை அதிகம் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த முழத்துக்கு நகர்ந்தார். 1991இல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வயதென்றால் ஆறாம் வகுப்பு. அதுவரை அந்தப் புடவையில் நான் பார்த்த குறையெல்லாம் என் தலையெழுத்தைப் பற்றியது மட்டும்தான்.

கடைசியாகப் புடவையின் உள்தலைப்பைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். அரக்கு நடுவே இரண்டு கோடுகள், கீறல்போல வெளிச்சம். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எத்தனை வருஷமா மடிப்பு மாத்தல?”

பட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, காற்றாட விட்டு, வேறு கோட்டில் மடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரை தவறாமல் செய்தேன். ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான். நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, ஒருவரை நோக்கி ஒருவர் வந்து மடிப்போம். அதற்கப்புறம் அந்தத் தட்டைத் திறக்கக் கை போகவில்லை.

“ஒன்பது வருஷம்” என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அடியில் கிடந்த மடிப்பு. மேலே இருந்த முந்தியின் கனமெல்லாம் அதில் இறங்கியிருக்கிறது என்றார். “ஆனா இது முதல் சுத்துக்குள்ள போயிடும்க்கா, வெளிய தெரியாது. அடியில மெல்லிசு துணி குடுத்துக் கையால ஓட்டுத் தையல் போடுங்க. மிஷின் வேண்டாம். ரோலிங், பாலிஷ் எதுவும் வேண்டாம், தாங்காது. மணையில சம்மணம் போடும்போது முழங்கால்ல இழுக்கும். கொசுவத்தைக் கொஞ்சம் தளர விட்டுக் கட்டச் சொல்லுங்க. ஒரு முகூர்த்தம் தாராளமா நிக்கும்.”

எனக்கு இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டியிருந்தது. நேராகக் கேட்க வரவில்லை. “வீட்டுல பெரியவங்க கோடியாத்தான் கட்டணும்ங்கறாங்க” என்று இழுத்தேன்.

அவர் தறியைக் காட்டினார். நெய்த துணி சுருண்டுகொண்டே வரும் படமரம் சரியாக நெசவாளியின் மடியில்தான் இருக்கிறது. “கோடின்னு எதைச் சொல்றது? பதினஞ்சு நாள் என் மடியிலேயே கெடக்குது. எங்கப்பா தவறினப்போ தறியில பாதிப் புடவை. காரியம் முடிச்சிட்டு வந்து மீதியை நெய்தேன். அதுவும் ஒரு கல்யாணத்துக்குத்தான் போச்சு. தீட்டுன்னு பாவை அறுத்துப் போட முடியுமா?”

அதுவரை பேசாமல் தார்களை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்கினார். “அதெல்லாம் சரி. எல்லாரும் அம்மா புடவையையே கட்டிக்கிட்டா நாங்க எதை வச்சுக் குடும்பம் கட்டுறது?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சும்மா சொன்னதில்லை. பையன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான், தறியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டான். கரைக்கு வெளியாள் வைத்தால் கூலி கட்டாது, அதனால்தான் இவர் உட்காருகிறார். மகள், “உங்க கல்யாணத்துக்கு என்ன புடவைக்கா?” என்று கேட்டாள். “முந்தியில டிசைன் தப்பின புடவை. முதலாளி கழிச்சுப் போட்டது. அந்தப் பக்கத்தை உள்ள மடிச்சு விட்டுக் கட்டினேன்” என்றார். 2009இல் திரைக்கு வந்த ‘காஞ்சிவரம்’ படத்தில் பிரகாஷ்ராஜ், மகளுக்குக் கல்யாணப் பட்டு நெய்ய வாயில் பட்டிழையை ஒளித்துக் கடத்துவார். அதைப் பார்த்து நான் தியேட்டரில் அழுதிருக்கிறேன். இந்தப் பெண்மணியின் முன்னால் அழுகை வரவில்லை, கூச்சமாக இருந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண்மணியும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் புடவையை மடித்தார்கள், பழைய கோடுகளில் படாமல் விலக்கி விலக்கி. கட்டவா வேண்டாமா என்று எங்களுக்குள் பேச்சே நடக்கவில்லை. அவள் வேட்டித் துணியில் சுற்றினாள், நான் பையைத் திறந்து பிடித்தேன்.

அவர்கள் நெய்து கொடுக்கிற கூட்டுறவு சங்கத்தின் கடை பத்து நிமிஷ நடை. சம்பந்தியம்மா கொடுத்த பணத்தில் மாம்பழ மஞ்சளில், இரண்டு விரல் கரையோடு ஒரு கோர்வை எடுத்தோம், 27,400. சாயங்கால வரவேற்புக்கு. மகள் அங்கிருந்தே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, “முகூர்த்தத்துக்கு அம்மா கூறை அத்தை, உங்க காசுல சாயங்காலத்துக்கு” என்று பட்டென்று உடைத்துவிட்டாள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அந்தப் பக்கம் ஒரு நொடி யோசித்துவிட்டு, “தாம்பாளத்துல வச்சுக் குடுக்கிறது நாங்கதானே? அது போதும். மஞ்சளை எனக்குப் படம் எடுத்து அனுப்பு” என்றாராம். நான் பயந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பயப்படாத இடங்களில்தான் என்னென்னவோ இருந்தது அன்றைக்கு.

திரும்பும்போது மின்சார ரயிலில் கூட்டம். இரண்டு பையும் என் மடியில். வாலாஜாபாத்தில் வண்டி நின்றிருந்தபோது நாத்தனார் போன் வந்தது.

“புடவை எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு அண்ணி.”

எங்கள் பேச்சில் புடவையை வாங்குவதில்லை, எடுப்போம். கடையிலிருந்து எடுத்தாலும் எடுத்ததுதான், பீரோவிலிருந்து எடுத்தாலும் எடுத்ததுதான்.

“என்ன கலரு?”

“அரக்கு.”

“கரை?”

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மயில்கழுத்து” என்றேன்.

மறுமுனையில் சத்தமில்லை. வண்டி கிளம்பிவிட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இணைப்பு இருந்தது.

“நீ மடிப்பு மாத்தி வச்சிருக்க மாட்டியே” என்றார். “இத்துப்போயிருக்குமே, பார்த்தியா?”

“பார்த்தாச்சு அண்ணி. உள்சுத்துலதான்.”

“பின்னு குத்த விடாதே” என்றார்.